கிராமப்புற உறைவிடப் பள்ளியின் சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நீங்கள் அநேகமாகப் பெற்றோர் தரப்பில் ஆய்வுக் குழுவில் சேர்க்கப்பட்டவராக இருப்பீர்கள். கையில் ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். கழிப்பறை உண்டா, தீயணைப்பான் உண்டா, முதலுதவிப் பெட்டி உண்டா என்று கேட்டு, பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று கட்டம் போட்டிருக்கும். நான் ஒரு பெண்கள் விடுதியில் பல வருடம் வார்டனாக இருந்தவள். எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' வாங்கிவிட்டு மோசமாக நடக்கிற விடுதிகளை எனக்குத் தெரியும். அதனால் முதலில் சொல்வது இதுதான்: சாயங்காலம் போங்கள், விளக்கணைக்கும்வரை இருங்கள்.

எங்களிடம் வந்த குழுக்கள் காலை பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். வரப்போவது முந்தின நாளே தெரிந்துவிடும். ஃபினாயில் கேன் வந்து இறங்கும், மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற கழிப்பறைகள் திறக்கும். என்னையும் தலைமையாசிரியரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே பிள்ளைகளிடம் "சாப்பாடு நல்லா இருக்கா?" என்று கேட்பார்கள். வேறென்ன பதில் வரும்?

ஒரே ஒரு தடவை ஒரு வயதான செவிலியர் வந்தார். பதிவேட்டுப் பக்கமே போகவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்து விரல் இடுக்கையும் மணிக்கட்டையும் பார்த்தார். சிலருக்குச் சிரங்கு இருந்தது. "இவங்களுக்கு மட்டும் மருந்து போட்டா திரும்ப வரும். அறை முழுக்க ஒரே நாளில் போடணும்" என்றார். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நாலைந்து வாரம் ஆகலாம், அதுவரை அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குப் பரப்பிக்கொண்டேதான் இருக்கும் என்று விளக்கினார். அப்புறம் தண்ணீர். தொட்டியில் குளோரின் போட்டதற்குத் தினமும் கையெழுத்து இருந்தது. அவர் அதை விட்டுவிட்டு, தொட்டியிலிருந்து ரொம்பத் தள்ளியிருந்த கடைசிக் குழாயில் பிடித்துச் சோதித்தார். அங்கேயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். சோதனை மருந்து போட்டும் தண்ணீர் நிறமே மாறவில்லை, அதாவது குளோரின் இல்லை.

இருட்டிய பிறகு, படுக்கையறையின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். வெளிப்பக்கம் பூட்டு. சாவி காவலாளியிடம், காவலாளி முன்வாசலில். அவர் வந்து, கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்துத் திறக்கும்வரை அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பூட்டை எடுத்துவிட்டு உள்தாழ்ப்பாள் வைக்கச் சொல்லி நான் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. "பிள்ளை ஓடிப்போனால் யார் பொறுப்பு?" என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். அந்தச் செவிலியரின் அறிக்கை போன பிறகுதான் பூட்டு போனது.

பயமுறுத்துகிறேன் என்று யாராவது சொல்லலாம். 2001-இல் கென்யாவின் கியாங்குலி பள்ளி விடுதித் தீயில் 67 மாணவர்கள் இறந்தார்கள். ஒரு கதவு பூட்டியிருந்தது, சன்னலெல்லாம் கம்பி. 2023-இல் கயானாவில் மாதியா என்ற ஊரின் பெண்கள் விடுதியிலும் அதே பூட்டு, அதே கம்பி. 20 பிள்ளைகள் போனார்கள். தீயை யார் வைத்தார்கள் என்பது வேறு விஷயம். வெளியே வர வழியில்லை என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. தீயணைப்பான் சுவரில் தொங்குகிறதா என்று மட்டும் பார்க்காமல், அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா, அதை இயக்கத் தெரிந்தவர் இரவில் அங்கே தங்குகிறாரா என்று கேளுங்கள்.

வார்டன்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் கிளம்பி வருவார்கள். வரட்டும். ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று வேளையும் சாப்பாட்டுத் தட்டைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றச் சொன்னார்களே, சிக்னலுக்காக மொட்டைமாடியில் நான் நிற்கும்போது கீழே ஒரு பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும். படம் ஏறாவிட்டால் விளக்கக் கடிதம் கேட்பார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையோடு விடிய விடிய உட்கார்ந்திருந்ததை எழுத எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது. ஆசிரியர்களுக்கு ஞாயிறு உண்டு. எங்களுக்கு மாற்று ஆள் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கழிப்பறைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒன்று உண்டு: 25 பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, பையன்கள் என்றால் 50 பேருக்கு ஒன்றும் சிறுநீர் கழிக்கத் தனி இடமும். எண்ணும்போது தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ளதை மட்டும் எண்ணுங்கள். ராத்திரி அங்கே போகிற வழியில் விளக்கு எரிகிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள்.

பிள்ளைகளிடம் பேசும்போது வார்டனை வெளியே அனுப்பிவிடுங்கள், அது நானாகவே இருந்தாலும். விவரம் சொன்ன பிள்ளையின் பெயரை மட்டும் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். அது முதலில் போய்ச் சேருவது நிர்வாகத்தின் மேசைக்குத்தான்.