ஹிப்ஹாப் தமிழா ஆதி நடிக்கப் போனது சரியான முடிவா?

கேள்வி கேட்டவர் கீழே இரண்டு வரி சேர்த்திருந்தார். "தனி ஒருவன்" படத்துக்கு இசையமைத்த ஆதியை நடிப்புக்குப் பறிகொடுத்துவிட்டோம், ராப் பாடுகிறவர் ராப் பாடினால் போதாதா என்று.

என்னைக் கேட்டால், சரியான முடிவுதான். அவர் நடித்த எல்லாப் படமும் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. "அன்பறிவு" எனக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. ஆனால் ராப் பாடுகிறவன் ஏன் தன் முகத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ரீலோட், போட்டோ கொப்பி, அதோடு போனுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுப்பது. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கடையில் நிற்க இடம் இருக்காது. கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற எங்கள் பையன்கள் எல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போவதற்கு முன்பே எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். மெமரி காட்டைக் கழற்றி மேசையில் வைத்து, "அண்ணே, ராப்பாப் போட்டு நிரப்பிக் குடுங்க" என்பார்கள்.

கடைக் கணினியில் சாமிப் பாட்டு, எம்.ஜி.ஆர்., இளையராஜா என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தோம். ராப் என்று ஒரு ஃபோல்டர். அதில் 2006இல் வந்த மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவின் "வல்லவன்" இருந்தது. கொழும்பிலிருந்து பாடிய கிருஷான் மகேசன் இருந்தார். "கடல்" படத்தில் ஏ.ஆர். ரகுமானுக்காக "மகுடி" பாடிய ஏ.டி.கே., அவரும் நம் நாட்டுக்காரர்தான், இருந்தார். அப்புறம் 2012இல் வந்த "ஹிப்ஹாப் தமிழன்" ஆல்பம் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு மற்றதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். அதுவரை கேட்ட ராப்பில் பாதி ஆங்கிலம். எங்கள் பையன்களுக்கு அது பிடிக்கும், ஆனால் கூடவே பாட வராது. ஆதி கோயம்புத்தூர்க்காரர். பள்ளிக்கூடப் பையன் கூட்டாளியிடம் பேசுகிற தமிழிலேயே வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் தடவை நாமும் சொல்லலாம். கடையில் நின்றபடியே ஒரு பாட்டை முழுதாகச் சொல்லிக் காட்டிய பையனை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை கொழும்புப் புறக்கோட்டையில் துணிக் கடையில் நிற்கிறவன். கடைசி வரி வரை மூச்சு வாங்காமல் சொல்லிவிட்டு, தானே வெட்கப்பட்டுச் சிரித்தான். நானும் அன்று ராத்திரிதான் முதன்முதலாக ஒரு கொப்பியில் சொந்தமாக எட்டு வரி எழுதினேன்.

ஆதியின் வரலாறு பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜீவாவும் அவரும் சேர்ந்ததுதான் ஹிப்ஹாப் தமிழா. இணையத்தில் பரவிய பாட்டு அவர்களைச் சினிமாவுக்கு இழுத்து வந்தது. 2013இல் "எதிர்நீச்சல்", "வணக்கம் சென்னை", 2014இல் "கத்தி" என்று அநிருத் இசையில் பாடினார். 2015இல் சுந்தர் சி. இயக்கிய "ஆம்பள" படத்தில் இசையமைப்பாளர் ஆனார். அதே வருஷம் "இன்று நேற்று நாளை", "தனி ஒருவன்" என்று வரிசையாக வந்தன. இரண்டு வருஷம் கழித்து, நல்ல வாய்ப்புகள் வந்துகொண்டிருந்த நேரத்தில், 2017இல் "மீசைய முறுக்கு" படத்தைத் தானே எழுதி, இயக்கி, இசையமைத்து, தானே நடித்தார். கதையும் அவர் கதைதான். கல்லூரியில் படித்துக்கொண்டே ராப் பாட அலைகிற பையன், அவனுடைய கூட்டாளி, அப்பா. அப்பாவாக நடித்தவர் விவேக்.

அந்தப் படத்தைக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்து பேர் கணினியில் பார்த்தோம். வெளியே நல்ல மழை. படம் பார்த்த யாரும் "இவருக்கு நடிக்க வரவில்லையே" என்று சொல்லவில்லை. மெமரி காட்டில் கேட்டுக்கொண்டிருந்த குரல் அந்த ஆளின் வாயிலிருந்து வருவதைப் பார்ப்பதே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

இங்கே என் கதைக்கு வருகிறேன். அதற்கு அடுத்த வருஷம், நான் ராப் பாடுவதை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, கொழும்பில் ஒரு குறும்படத்தில் நடிக்கக் கூப்பிட்டார்கள். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வருகிற பையன் வேஷம். இதைவிட எனக்குப் பொருந்தும் வேஷம் எது? இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வசனத்தை எங்கள் பேச்சிலேயே பேசினேன், அவர்களும் சரி என்றார்கள். மூன்று மாதம் கழித்து படம் திரையிட்டபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். திரையில் என் முகம் வந்தது, வாய் அசைந்தது, வேறொருவர் குரல் கேட்டது. யாரோ வானொலிக்காரர் பேசியது போன்ற சுத்தமான உச்சரிப்பு. அம்மா என் பக்கம் திரும்பி, "ஏன்யா, ஒனக்குத் தொண்டைக்கு முடியலையா அன்னைக்கு?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது, தோட்டத்துப் பேச்சு எல்லோருக்கும் விளங்காது என்று மாற்றியதாகச் சொன்னார்கள். தோட்டத்துப் பையனைப் பற்றிய படம் அது.

அன்றிலிருந்துதான் ஆதி செய்ததன் அருமை எனக்குப் புரிந்தது. பாடகர் ஒருவர், நடிகர் ஒருவர் என்பது பின்னணிப் பாடல் வந்த பிறகு சினிமா செய்துகொண்ட ஏற்பாடு. அதற்கு முந்திய தலைமுறையில் பாடத் தெரிந்தவர்தான் நடிகர். தியாகராஜ பாகவதரை யாரும் "நீங்கள் பாடகரா, நடிகரா" என்று கேட்டிருக்க மாட்டார்கள். 1935இல் "பக்த நந்தனார்" படத்தில் நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்றால், அந்தக் குரலும் அந்த ஆளும் சேர்ந்து திரையில் நிற்பதற்குத்தான் கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். மன்மதன் வேஷம் கட்டுகிறவரே பாடுவார், ஆடுவார். ரதி வேஷமும் ஆம்பிளைதான். எங்கள் தோட்டத்தில் பல வருஷம் ரதி வேஷம் கட்டியவர் பகலில் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற வேலை, கை முழுக்கக் காய்ப்பு. மன்மதனைச் சிவன் எரித்த பிறகு ரதி ஒப்பாரி வைக்கிற இடத்தில், தப்பு மேளம் மெதுவாக இறங்கும், அவர் குரல் மட்டும் தனியாக மேலே ஏறும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவிகள் அப்போது நிஜமாகவே அழுவார்கள். அந்த ஒப்பாரியை இன்னொருவர் பாட, அவர் வாயை மட்டும் அசைத்தால் எப்படி இருக்கும்?

ராப் அதே வகைதான். நல்ல குரலை வைத்து ராப் எழுதுவதில்லை, தன் பிழைப்பை வைத்து எழுதுகிறோம். சொல்கிறவன் யார், எந்த ஊர் என்று தெரியாவிட்டால் பாதி அர்த்தம் போய்விடும். அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. ராப் பாடகர் ஐஸ் கியூப் 1991இல் நடிக்க வந்தார், 1995இல் தன் ஊர்த் தெருவையே கதையாக வைத்துப் படம் எழுதி நடித்தார். ஆதி முதல் படத்திலேயே அதைச் செய்தார்.

முகம் இல்லாமல் குரல் மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்கும் எங்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. ராப் பாடகர் தெருக்குரல் அறிவு. 2021 மார்ச்சில் "என்ஜாய் எஞ்சாமி" வந்தது. தோட்டத்தில் உழைக்கிற எங்கள் மக்களுக்கு நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று அரசாங்க வர்த்தமானியில் வந்ததும் அதே மார்ச்தான். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிப் போனவர். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்வது என்று பிரித்தார்கள். எங்கள் தோட்டத்திலும் ஒரே லயத்தில், அதாவது வரிசை வீட்டில், அண்ணன் போனார், தம்பி நின்றார். என் தாத்தாவின் அக்கா குடும்பம் நீலகிரிக்குப் போனது. அதனால் அந்தப் பாட்டை நாங்கள் சினிமாப் பாட்டு மாதிரி கேட்கவில்லை. போனவர்களின் பேரன் ஒருவன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துப் பாடியதாகத்தான் கேட்டோம். அப்போது எண்பது வயதைத் தாண்டியிருந்த என் அப்பாயி, போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "இது யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளையின் முகம்தான் பிறகு காணாமல் போனது. அதே வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகுதான் அவருக்கென்று தனியாக ஓர் அட்டை இணையத்தில் வந்தது. 2022இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியபோதும் அவர் அங்கே இல்லை. பாட்டு ஊரெல்லாம் தெரியும், எழுதிப் பாடியவரைத் தேட வேண்டியிருந்தது. அவருக்கென்று ஒரு படம், அவரே பேசி நடித்த படம் ஒன்று இருந்திருந்தால் அப்படி விட்டுவிட்டுப் போக முடிந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

சரி, ஆதியின் படங்களுக்குத் திரும்ப வருகிறேன். ஹாக்கியை வைத்து வந்த "நட்பே துணை" (2019) நன்றாக இருந்தது. "நான் சிரித்தால்" (2020) முதல் பாதி பிடித்தது. காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பத்தை வைத்து அவரே இயக்கிய "சிவகுமாரின் சபதம்" (2021) இன்னும் நன்றாக வந்திருக்கலாம், தறியை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு கதை வேறு எங்கோ போய்விட்டது. எனக்கு மிகவும் பிடித்தது "வீரன்" (2023). ஊர்க் காவல் தெய்வத்தை வைத்து ஒரு சூப்பர் ஹீரோ கதை. தேயிலைத் தொழிற்சாலையில் காவல் சாமியான ரோதைமுனிக்குப் பூசை வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது உடனே ஒட்டிக்கொள்ளும். 2024இல் "பி.டி. சார்" படத்தில் நடித்தார், அதே வருஷம் "கடைசி உலகப் போர்" படத்தைத் தயாரித்து இயக்கினார். இசையைக் கைவிட்டார் என்று சொல்வது நியாயமில்லை. வெளிப் படங்களுக்கு இசையமைப்பது முன்பைவிடக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். "தனி ஒருவன்" மாதிரி ஒன்று திரும்ப வேண்டும் என்று கேட்டவரைப் போலவே நானும் ஆசைப்படுகிறேன்.

ஒரு குறை எனக்கு உண்டு. படம் கூடக் கூட, பாட்டில் அவருடைய சொந்தக் கதை குறைந்துவிட்டது. முன்பு கேட்டால் கோயம்புத்தூரில் ஒரு பையனின் அறை தெரியும். இப்போது பல பாட்டுகளில் கதாநாயகன் மட்டும் தெரிகிறார். நடிக்கப் போனதால் இது வந்ததா, வயதும் வசதியும் வந்ததால் வந்ததா என்றால், இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். வெறும் பாடகராகவே இருந்திருந்தாலும் அந்த அறையை விட்டு வெளியே வந்திருப்பார்.

நான் இப்போது கடை வேலையில் இல்லை. வீட்டில் ஒரு மைக், ஒரு கணினி, சுவரில் பழைய படங்குத் துணி கட்டி, பக்கத்துத் தோட்டப் பையன்களுக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்கிறேன். அதில் ஒருவன், பதினேழு வயது, தாத்தா தப்பு அடிப்பவர். அடுத்த மாதம், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் வைத்துத் தன் பாட்டுக்கு ஒரு சின்னப் படம் எடுக்கப் போகிறான், அவனே நடிக்கிறான். "நடுவுல பேசுற வசனத்தை நல்ல தமிழ்ல பேசவாண்ணே, நம்ம பேச்சுல பேசவா?" என்று கேட்டான். உங்கள் வீட்டில் பேசுவது போலவே பேசிப் பதிந்து அனுப்பு, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நேற்றுப் பின்னேரம் அனுப்பியிருந்தான். நாற்பது விநாடி. பின்னால் அவன் அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கி வைக்கிற சத்தமும், "யாரோடடா பேசுற?" என்று கேட்பதும் விழுந்திருந்தன. திரும்பப் பதிந்து அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம், அதையும் சேர்த்தே வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறேன்.