பி.ஏ. வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா? – கடிதம்

ஐயா, வணக்கம்.

அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கிறேன். மகன் பிளஸ் டூவில் 600-க்கு 527 எடுத்திருக்கிறான். சயின்ஸ் குரூப். பி.சி.ஏ. சேரச் சொன்னால், பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். "மார்க் வராத பையன் சேர்ற கோர்ஸ் அது, சயின்ஸ் படிச்சவனை யாராச்சும் அதுல தள்ளுவாங்களா" என்கிறார் என் மச்சான். நாலு நாளாகப் பையன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்களும் வரலாறு படித்தவர் என்று அவன்தான் சொன்னான். அதனால் கேட்கிறேன். இதைப் படித்தால் சோறு கிடைக்குமா? மூன்று வருஷம் உட்கார்ந்து ராஜா கதை படிப்பதில் என்ன இருக்கிறது?

ச., சேலம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

முதலில் சோற்றுக்கே வருகிறேன். அதைக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. தறியில் உட்கார்ந்து பிள்ளையைப் பிளஸ் டூ வரை கொண்டுவந்தவர் அதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

பி.ஏ. வரலாறு முடித்த அன்றே கூப்பிட்டு வேலை கொடுக்க வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். அதற்கு மேலே இன்னொன்று படித்தாக வேண்டும். பி.எட். முடித்துத் தகுதித் தேர்வு எழுதி ஆசிரியர் ஆகலாம். மூன்று வருடச் சட்டப் படிப்புக்குப் போகலாம். குரூப் 1, குரூப் 2, குடிமைப் பணித் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும்; அவற்றின் பாடத்திட்டத்தில் வரலாறு முக்கியமான பகுதி என்பதால் இந்தப் படிப்பு அங்கே நேரடியாகக் கைகொடுக்கும். ஆனால் அந்தத் தேர்வுகளில் போட்டி கடுமை. ஆக ஐந்து, ஆறு வருடக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். வீடு அதைத் தாங்குமா என்பதை நீங்களும் அவனும் உட்கார்ந்து, தொகை சொல்லிப் பேசுங்கள். அதை மறைத்து அவனைச் சேர்க்கவும் வேண்டாம், அதையே சாக்காக வைத்துத் தடுக்கவும் வேண்டாம்.

இனி அந்த ராஜா கதை.

நான் இரண்டாம் வருடம் படித்தபோது விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஓமலூர்ப் பக்கம் எங்கள் காடு, விவசாய நிலம். அங்கே ஒரு வண்டித்தடம் தொடர்பாகத் தாத்தாவுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடம். அவர்கள் கையில் 1958-ஆம் வருடக் கிரயப் பத்திரம் இருந்தது. அதன் செக்குபந்தியில், அதாவது நாலு பக்க எல்லை சொல்லும் இடத்தில், தடம் என்ற சொல்லே கிடையாது. அதை வைத்துக்கொண்டு வேலி போட்டுவிட்டார்கள். தாத்தா ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்பெல்லாம் விட்டுப்போன 1931-ஆம் வருடப் பத்திரத்தை என் கையில் கொடுத்தார். கூட்டெழுத்து. முதல் பக்கத்தைப் படிக்கவே ஒரு பகல் ஆயிற்று. நாலாவது வரியில் இருந்தது: "வண்டித்தடத்துக்கும் வடக்கு."

அத்தோடு முடிந்திருந்தால் அது வெறும் படிப்பறிவு. கல்லூரியில் எனக்கு ஒரு பழக்கம் ஏற்றிவிட்டிருந்தார்கள்: எந்தக் காகிதத்தை எடுத்தாலும், இதை எழுதியது யார், யார் சொல்லி எழுதினார், எழுதாமல் விட்டது என்ன என்று கேட்பது. 1958 பத்திரத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். சாட்சி இரண்டு பேர். ஒருவர் வாங்கியவரின் மைத்துனர். தடத்தை ஒட்டிய அடுத்த காடு அவருடையது. தடம் இல்லையென்றால் அவருக்கும் லாபம். பத்திரம் எழுதியவர் ஊருக்குப் புதியவர், சொன்னதை எழுதியிருக்கிறார். இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் பாராட்டவெல்லாம் இல்லை. "அந்த வரியை இன்னொருக்கா படி" என்றார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பெரியவர்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். வேலி எடுக்க மேலும் ஒரு வருடம் ஆனது. ஆனால் எடுத்தார்கள்.

உங்கள் மகன் படிக்க ஆசைப்படுவது இந்த வித்தையை. ராஜாக்கள் அதில் பாதிகூட இல்லை.

நம் வீட்டுப் பீரோவில் இருக்கும் பட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் இந்த மண்ணில்தான் காடு காடாக அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவரிடமே வரி வாங்கும் முறையைப் பழகினார்கள். ரயத்துவாரி என்று பிற்பாடு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது அதுதான். மன்றோ 1820-இல் கவர்னராகவே வந்தார். யார் பெயரில் நிலம் பதிவானது, யார் பெயர் விடுபட்டது என்பதன் பலாபலனை நம் ஜனங்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள். இதைப் படிக்க நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள் வரக்கூடாது என்று யார் விதித்தது?

சயின்ஸ் குரூப் வீணாகிவிடும் என்கிறார் உங்கள் மச்சான். அவரிடம் ராபர்ட் புரூஸ் ஃபூட் பற்றிச் சொல்லுங்கள். நிலவியல் துறை அதிகாரி அவர். பாறையைப் பார்ப்பதுதான் சம்பளத்துக்குச் செய்த வேலை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்தவர், இது தானாக உடைந்ததல்ல, மனிதன் செதுக்கியது என்று கண்டுகொண்டார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கற்கோடரியிலிருந்து தொடங்குகிறது. கல்லைத் தெரிந்திருந்ததால்தான் அது அவர் கண்ணில் பட்டது. பின்னாளில் ஏற்காட்டில் வீடு எடுத்துக் குடியிருந்தார், 1912-இல் இறந்தார், நினைவிடம் அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது.

ஏற்காடு இருக்கும் அதே சேர்வராயன் மலையில் உழும்போது கிடைத்த வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளை மலைக் கிராமத்தார் பிள்ளையார் முன்னால் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த செய்தி இது. செய்தவன் யாரென்று தெரியாது. ஆனால் சும்மா கிடந்த கல் இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. கல்லின் வயதைச் சொல்ல அறிவியல் வேண்டும். அது ஏன் பிள்ளையாரிடம் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல, அந்த மக்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும். உங்கள் மகனுக்கு இரண்டும் வாய்க்கலாம்.

எனக்கு இருக்கும் ஒரே பயம் வேறு. பல இடங்களில் இந்தப் படிப்பை நோட்ஸ் சொல்லி, கைடு வாங்கவைத்து, ஐந்து மார்க் பத்து மார்க் என்று கொன்றுவிடுகிறார்கள். எனக்கே ஒரு ஆசிரியர் முழுப் பருவமும் பழைய நோட்டைப் பார்த்து வாசித்தார், நாங்கள் எழுதிக்கொண்டோம். அப்படி மூன்று வருடம் போனால் மச்சான் சொன்னது பலித்துவிடும். தறிமேடையில் உட்காராமல், பார்த்தே நெசவு கற்றவன் உண்டா? மாதம் ஒரு ஞாயிறாவது அவன் வெளியே போகட்டும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் பஸ் ஏறினால் வந்துவிடும். சேலம் அரசு அருங்காட்சியகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தை விடவே கூடாது. ரீடும் மன்றோவும் எழுதிவைத்ததெல்லாம் அதில்தான் கிடக்கிறது.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி தாண்டிவிடப் போகிறது, இந்த வாரமே போட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் ஒன்று செய்ய முடியுமா? உங்கள் அப்பாவோ தாத்தாவோ வைத்துவிட்டுப் போன பழைய காகிதம் ஏதாவது வீட்டில் இருக்கும். பத்திரம், நூல் வாங்கிய கணக்கு, எதுவானாலும் சரி. இன்று ராத்திரி சாப்பிட்டு முடிந்ததும் அதை அவன் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவனுக்குப் புரியாத சொல் எது, அதற்கு நீங்கள் என்ன பொருள் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.