மான்ஸ்டெரா ஆல்போ வெள்ளையாகவே இலை விட்டால்

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில், பச்சையும் வெள்ளையும் கலந்த இலை விடும் அழகுச் செடியான உங்கள் மான்ஸ்டெரா ஆல்போ தொடர்ந்து மூன்று இலை முழு வெள்ளையாக விட்டு, ஓரமும் கருகுகிறது, உரம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உரம் வேண்டாம். வெள்ளை இலையில் பச்சையம் கிடையாது. கீழே உள்ள பச்சை இலைகள்தான் அதற்கும் சேர்த்து உழைக்கின்றன. இப்படியே விட்டால் செடி இளைத்துவிடும்.

தண்டைப் பாருங்கள். வெள்ளை இலைகளிலிருந்து கீழே இறங்கி வந்தால், ஏதாவது ஒரு கணுவில் பச்சையும் வெள்ளையும் பக்கம் பக்கமாகக் கோடு ஓடும். அங்கே சின்னதாக ஒரு மொட்டு புடைத்திருக்கும். அது இரண்டு நிறமும் சேரும் இடத்தில் இருந்தால், அதற்கு ஒரு விரல் மேலே சுத்தமான கத்தியால் வெட்டிவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனாலும் வெட்டுங்கள். அடுத்த துளிர் கலந்து வர நல்ல வாய்ப்பு உண்டு. பாதி பச்சை பாதி வெள்ளையாக ஓர் இலை விரிவதைப் பார்க்க அவ்வளவு அழகு! வெட்டிய வெள்ளைத் துண்டை வேர் விட வைக்க மெனக்கெட வேண்டாம், பிழைக்காது.

கருகலுக்கு நம் ஊர்க் காற்றும் காரணம். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் கிழக்குக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். திண்ணையிலிருந்து எடுத்து, வெளிச்சமுள்ள வடக்கு ஜன்னல் பக்கம் வையுங்கள். அப்புறம், தொட்டியில் வெறும் செம்மண் என்றால் மாற்றுங்கள். பொள்ளாச்சியில் கிடைக்கும் தேங்காய் மட்டைச் சில்லை உப்புப் போக நன்றாக அலசிக் கலக்கலாம்.

வெட்டும் முன் கணு தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், இடம் பார்த்துச் சொல்கிறேன்.