பார்வை குறைந்துவரும் அப்பாவுக்கு ஸ்மார்ட்போனின் அணுகல் வசதிகள் உண்மையில் பயன்படுமா?

உங்கள் அப்பாவுக்கு க்ளாக்கோமாவால் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு வசதியான டாக்பேக்கைப் போட்டுக் கொடுத்தும் இரண்டே நாளில் போனைத் தூக்கி வைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பதினோரு வருடங்களாக டாக்பேக்கை வைத்துத்தான் ஆண்ட்ராய்டு போனைக் கையாள்கிறேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பயன்படும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எந்த இடத்தில் கையை விரிக்கும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அப்பா தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இந்தப் போன் எனக்கு என்ன கொடுத்தது என்று முதலில் சொல்கிறேன். கல்லூரியில் படித்தபோது எனக்கு ஒரு கடிதம் வந்தால் விடுதித் தோழி யாராவது படித்துக்காட்ட வேண்டும். என் வீட்டுச் செய்தி அவளுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பதைக்கூட இன்னொருவர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இன்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இதையெல்லாம் நானே படிக்கிறேன். இதன் அருமை பார்வையுள்ளவர்களுக்கு எளிதில் புரியாது. அதனால்தான் போனில் ஏதாவது சரியில்லை என்றால் எனக்கு வரும் கோபத்துக்கு ஒரே அளவுகோல் வைத்திருக்கிறேன்: போனை இன்னொருவர் கையில் கொடுக்க வைக்கிறதா, இல்லையா?

அந்த அளவுகோலில் முதலிடம் வங்கிச் செயலிக்கு. ஒரு மாதம் முதல் தேதி, வாடகை அனுப்ப என் வங்கியின் செயலியைத் திறந்தேன். முந்தைய நாள் வரை ஒழுங்காக வேலை செய்ததுதான். இரவில் அப்டேட் ஆகியிருந்தது. "உங்கள் போனில் அணுகல் சேவை இயங்குகிறது. பாதுகாப்புக்காக அதை அணைத்துவிட்டு மீண்டும் வரவும்" என்று படித்துவிட்டு மூடிக்கொண்டது. அந்த அறிவிப்பை எனக்குப் படித்துக்காட்டியதே டாக்பேக்தான். அதை அணைத்துவிட்டால் என் கையில் இருப்பது வெறும் கண்ணாடித் துண்டு.

கடைசியில் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டு, டாக்பேக்கை அணைத்து, பணம் அனுப்பக் கேட்கும் ரகசிய எண்ணான பின்னை (PIN) அவளிடம் சொல்லி வாடகையை அனுப்பினேன். தங்கமான பெண். அவள்மேல் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. பின்னை மாற்றிவிடலாம் என்று பார்த்தால், மாற்றுவதற்கும் அதே செயலிக்குள்தான் போக வேண்டும், அதற்கும் டாக்பேக்கை அணைக்க வேண்டும். புதுப் பின்னையும் இன்னொருவரிடம்தான் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்று அவர்கள் சொன்னது என்னிடமிருந்து பறித்தது என் பாதுகாப்பைத்தான்.

நியாயமாகச் சொன்னால், வங்கிகளின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. திருட்டுச் செயலிகள் சில, அணுகல் அனுமதியை ஏமாற்றி வாங்கிக்கொண்டு, திரையில் உள்ளதைப் படித்து, நமக்குத் தெரியாமல் பட்டன்களையும் தட்டிவிடுகின்றன. சரி, அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் திருடனையும் டாக்பேக்கையும் பிரித்துப் பார்க்க வழியில்லை என்பது உண்மையில்லை. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இல் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. முக்கியமான திரைகளை உண்மையான அணுகல் கருவிகள் மட்டுமே படிக்கலாம், மற்றவை படிக்கக் கூடாது என்று செயலியை எழுதுகிறவரே குறித்து வைக்கலாம். அதைச் செய்யாமல் மொத்தக் கதவையும் சாத்துவது சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு இதைவிடக் கொடுமை. "முகத்தை வட்டத்துக்குள் கொண்டு வாருங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள்" என்கிறது. வட்டம் எங்கே இருக்கிறது என்று எனக்கு யார் சொல்வது? ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்கள் இதே தொல்லையை உச்ச நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். பார்வையற்ற ஒருவரும் வழக்குத் தொடுத்திருந்தார். நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. கண் சிமிட்டுவதைத் தவிர வேறு வழிகளிலும் உறுதிசெய்ய இடம் கொடுக்க வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகள். பள்ளி ஓய்வறையில் உட்கார்ந்து அந்தச் செய்தியை இரண்டு முறை படிக்கவைத்துக் கேட்டேன். வங்கியிலோ வேறெங்கோ உங்கள் அப்பாவைத் திருப்பி அனுப்பினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் பெயரில்லாத பட்டன்கள். படமாக மட்டும் ஒரு பட்டனை வைத்துவிட்டு அதற்குப் பெயர் எழுதாமல் விட்டால், டாக்பேக் "அன்லேபில்ட், பட்டன்" என்று மட்டும் சொல்லும். ஒரு திரையில் இப்படி ஆறு வந்தால், எது பணம் அனுப்பும், எது அழிக்கும் என்று தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செயலி எழுதுகிறவருக்கு இது ஒரே ஒரு வரி வேலை. பல செயலிகளில் நாமே பெயர் வைத்துக்கொள்ள டாக்பேக் மெனுவில் இடம் உண்டு. நான் அப்படி நிறைய பட்டன்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். அடுத்த அப்டேட்டில் சில போய்விடும், மறுபடி வைப்பேன்.

தமிழ் படிப்பவர்களுக்கென்று தனியாக ஒரு துன்பமும் இருக்கிறது. வாட்ஸாப்பில் வரும் சுற்றறிக்கை, கல்யாணப் பத்திரிகை, இரங்கல் செய்தி எல்லாம் படமாகவே வருகின்றன. டாக்பேக்குக்கு அது வெறும் "புகைப்படம்". படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துப் படிக்கும் செயலிகள் உண்டு, ஆனால் அலங்கார எழுத்து என்றால் தடுமாறிவிடும். பிடிஎஃப் வந்தால் பிழைத்தோம் என்று திறப்பேன். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததை எழுத்தெழுத்தாகக் கேட்டால் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வரும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். உள்ளேயும் தமிழாகவே இருக்கும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010லேயே தரமாக ஏற்றுவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஜே கே பி ஓ வந்துகொண்டிருக்கிறது. ஒரு தமிழாசிரியைக்கு இதைவிட வருத்தம் என்ன இருக்கிறது?

போனின் உடம்பிலேயே சில தொல்லைகள். என் பழைய பட்டன் நோக்கியாவில் திரையைப் படித்துக்காட்டும் டாக்ஸ் என்ற மென்பொருள் போட்டிருந்தேன். ஐந்தாம் எண் பட்டனில் சிறு மேடு இருக்கும், விரல் தானாக அங்கே போய்விடும். இப்போது "ஒன்றை அழுத்தவும்" என்று வாடிக்கையாளர் சேவைக் குரல் சொல்லும்போது, போனைக் காதிலிருந்து எடுத்து, எண் பலகையைத் தேடித் திறக்க வேண்டும். அதற்குள் அந்தக் குரலும் டாக்பேக்கும் ஒரே நேரத்தில் பேசும். இரண்டும் புரியாது. "தவறான தேர்வு" என்று வைத்துவிடுவார்கள். இயர்போன் துளையை எடுத்துவிட்டதும் எங்களுக்குப் பெரிய இழப்பு. ப்ளூடூத்தில் குரல் கொஞ்சம் தாமதமாக வரும், அந்த நொடிக்குள் விரல் அடுத்த பட்டனுக்குப் போயிருக்கும். பேருந்தில் ப்ளூடூத் இயர்போனில் சார்ஜ் தீர்ந்தால் என் குறுஞ்செய்தியை ஊரே கேட்க வேண்டியதுதான்.

எனவே அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கினால், இயர்போன் துளை உள்ளதாக, கைரேகை உணரி பக்கவாட்டிலோ பின்புறமோ இருப்பதாகப் பாருங்கள். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் உணரியை விரலால் தேடுவது பெரும்பாடு. பின்னால் போக, முகப்புக்குப் போக, திறந்த செயலிகளைப் பார்க்க என்று திரையின் கீழே மூன்று பட்டன்கள் இருக்கும் அமைப்பையே வையுங்கள். வங்கிச் செயலிக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, வேறு டாக்பேக் பயனர்களிடம் கேட்டபின் உடனே போடுங்கள். பார்வை கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே பழகுவது நல்லது, திரை எப்படி இருக்கிறது என்று மனதில் பதிந்துவிடும். இரண்டு நாள் போதாது. மூன்று வாரம் கொடுங்கள். முதலில் போன் எடுப்பது, வைப்பது மட்டும்.

நீங்கள் உதவும்போது, அமைப்புகளில் குறுக்குவழியைப் போட்டுவிட்டு, இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்துச் சில விநாடி பிடியுங்கள். டாக்பேக் அணையும், மறுபடி பிடித்தால் வரும். இது தெரியாமல்தான் வீட்டில் எல்லோரும் பதறிப்போய் அதை ஒரேயடியாக எடுத்துவிடுகிறார்கள். அவர் தடுமாறும்போது போனைப் பிடுங்காமல், எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று வாயால் சொல்லுங்கள். பின் எண்ணை மட்டும், எவ்வளவு நேரமானாலும், அவரே போடட்டும்.