மூலையில் பச்சை ஆமை தெரிகிறதா?

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸ் 11, ஐ5, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. காலேஜ் லேப் வேலைக்காக விர்ச்சுவல்பாக்ஸில் (விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓட்டும் மென்பொருள்) உபுண்டு 22.04 லினக்ஸ் போட்டேன். டெர்மினலில் டைப் செய்த எழுத்து கொஞ்சம் கழித்துத்தான் வருகிறது, மெனு திறக்க பத்து விநாடி ஆகிறது. 6 ஜிபி ராமும் எல்லா கோரும் கொடுத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. புது லேப்டாப்தான் வாங்கணுமா? - ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: வேண்டவே வேண்டாம், காசை வைத்திருங்கள். உபுண்டு ஓடும்போது அந்த ஜன்னலின் கீழே வலது ஓரத்தில் குட்டிக் குட்டிப் படங்கள் வரிசையாக இருக்கும், அதில் பச்சை ஆமை ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குற்றவாளி உபுண்டு இல்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டப் பிராசஸரில் இருக்கும் விர்ச்சுவலைசேஷன் வசதியை, விண்டோஸ் தனக்கென வைத்திருக்கும் ஹைப்பர்-வி முதலிலேயே பிடித்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸ் அதனிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொரு வேலையும் செய்கிறது என்று அர்த்தம். இந்த நிலையில் எத்தனை ஜிபி கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக்கை எடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒன்று இருக்கும், பல புது லேப்டாப்களில் வாங்கும்போதே ஆன் ஆகி வருவது, பெரும்பாலும் இதுதான் காரணம். ஆனால் அது ஒரு பாதுகாப்பு வசதி, கண்ட கண்ட டிரைவரை இறக்கிப் போடுகிற மெஷினில் அதை அணைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது, யோசித்துச் செய்யுங்கள். முடிந்ததும் ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. ஆமை போய் அந்த இடத்தில் சிப் படம் வந்தால் சரி.

அப்புறம் அந்த 6 ஜிபி. மீதி 2 ஜிபியில் விண்டோஸ் 11 என்ன செய்யும்? இடம் போதாமல் எஸ்எஸ்டியில் எழுதி எழுதிப் படிக்கும், விண்டோஸ் திணறினால் அதற்குள் ஓடும் உபுண்டுவும் சேர்ந்து திணறும். உபுண்டுவை அணைத்துவிட்டு விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் 4 ஜிபி வையுங்கள், அது ஓடும்போது விண்டோஸில் குரோமை மூடிவிடுங்கள். பிராசஸர் ஸ்லைடரைப் பச்சைக் கோட்டுக்குள்ளேயே நிறுத்துங்கள், 2 போதும்.

இதற்கப்புறமும் ஜன்னலை நகர்த்தும்போது மட்டும் இழுத்தால் அது திரை சம்பந்தப்பட்டது. அதே செட்டிங்ஸின் டிஸ்பிளேயில் வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்கி, 3டி ஆக்சிலரேஷனை டிக் செய்து, உபுண்டுவுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் (விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் டிரைவர் தொகுப்பு) போடுங்கள். 3டியால் திரை சிதறினால் அதை மட்டும் திரும்ப எடுத்துவிடலாம்.

ஒன்று கேட்கிறேன், லேப் வேலை என்பது சி புரோகிராமும் ஷெல் கமாண்டும்தானா? அப்படியானால் டெஸ்க்டாப்பே தேவையில்லை, விண்டோஸிலேயே லினக்ஸ் ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் டபிள்யூஎஸ்எல் 2-இல் உபுண்டு போட்டாலே போதும், 8 ஜிபியில் இதைவிட லேசாக ஓடும். அந்த வழிக்குப் போவதானால் மட்டும் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் டிக்கை எடுக்காதீர்கள், அது இல்லாமல் டபிள்யூஎஸ்எல் 2 ஓடாது.