துரத்திப் போய் அடித்தால் கேஸ் யார் மேல் வரும்?

கேள்வி இதுதான்: "என் பைக்கை உரசிவிட்டு நிற்காமல் போன காரைத் துரத்திப் பிடித்து இரண்டு அறை விட்டேன். இப்போது அவர் போலீசுக்குப் போவேன் என்கிறார். தப்பு அவர் மேல்தானே, என் மேல் கேஸ் வருமா?"

வரும் தம்பி. உங்கள் வயது தெரியாது, "இரண்டு அறைதான்" என்கிற தோரணையில் எழுதியிருப்பதை வைத்துத் தம்பி என்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் நாலு நாள் சொல்லவில்லை.

நான் வக்கீல் இல்லை. மணலியில் கான்ட்ராக்டில் ஃபிட்டர், வீடு தண்டையார்பேட்டை. 2024 ஆகஸ்டில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து மணலி விரைவுச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், ஹார்பர் ட்ரெய்லர்கள் ஓரத்தில் வரிசை கட்டி நின்றுவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு வண்டி போகிற இடம்தான். அதில் பின்னாலிருந்து ஒரு குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) ஹாரன் அடித்துக்கொண்டே வந்து என் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு நுழைந்தது. மாட்டியிருந்த சாப்பாட்டுப் பை அறுந்து விழுந்து, டிபன் டப்பா மேல் அவன் பின் சக்கரமே ஏறிவிட்டது. நான் எப்படியோ விழவில்லை. விழுந்திருந்தால் கூடத் தேவலை, துரத்தியிருக்க மாட்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான், ஒரு கை காட்டினான் (என்ன கை என்று இங்கே எழுத முடியாது), போய்விட்டான்.

இரண்டு கிலோமீட்டர் துரத்தினேன். ஓடுகிற ட்ரெய்லருக்கும் நிற்கிற ட்ரெய்லருக்கும் நடுவில் நுழைந்து போனேன். ட்ரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரங்கள் உள்ளே வாங்கும், ஒட்டி வருகிற பைக் டிரைவருக்குக் கண்ணாடியில் தெரியாது. கம்பெனியில் சேஃப்டி மீட்டிங்கில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன விஷயம். ஆனால் அந்த நேரம் என் கண்ணுக்கு அந்த நம்பர் பிளேட் மட்டும்தான் தெரிந்தது. பின் சக்கரத்து ரப்பர் முழங்கையில் தட்டி, சட்டையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. ஸ்பீடு 60. அந்த வேகத்தில் ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறோம், அதாவது பிரேக்கில் கால் வைக்க நினைப்பதற்குள் ஒரு 40 அடி கன்டெய்னரையே தாண்டிவிடுவோம். இதெல்லாம் அப்புறம் படுக்கையில் தூக்கம் வராமல் போட்ட கணக்கு.

எண்ணூர் விரைவுச் சாலை சேரும் இடத்தில் பைக்கைக் குறுக்கே விட்டு நிறுத்தினேன். சாவியைப் பிடுங்கினேன், ஒரு அறை, ஹெல்மெட்டால் சைடு மிர்ரர் மேல் ஒரு போடு. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். எதிரில் டீக்கடை. அதில் கேமரா.

விஷயமே அந்தக் கேமராதான். அவன் என்னை உரசிய இடத்தில் எந்தக் கேமராவும் இல்லை, சாட்சியும் இல்லை. நான் வண்டியை வளைத்து மறித்ததிலிருந்துதான் பதிவே ஆரம்பிக்கிறது. தப்பு அவனிடம் ஆரம்பித்தது, கேஸ் என்னிடம் ஆரம்பித்தது.

நம் நாட்டில் ரோடு ரேஜுக்கு என்று தனிச் சட்டப் பிரிவு கிடையாது, செய்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் போடுவார்கள். அந்த ஜூலை 1-ம் தேதிதான் ஐபிசி என்கிற பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதுச் சட்டம் வந்திருந்தது, ஏட்டு போனில் பழைய பிரிவுக்குப் புது நம்பர் தேடித் தேடி எழுதினார். தாறுமாறாக ஓட்டியதற்கு 281, ஆறு மாதம் வரை சிறை. மறித்ததற்கு 126(2), ஒரு மாதம் வரை. அடித்ததற்கு 115(2), ஒரு வருடம் வரை. கெட்ட வார்த்தைக்கு 296, மிர்ரருக்கு 324. ஒரே நிமிஷத்தில் இத்தனை செய்திருக்கிறேனா என்று எனக்கே ஆச்சரியம். இது போக மோட்டார் வாகனச் சட்டம் 184 இருக்கிறது, ஆபத்தாக ஓட்டினால் முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 வரை அபராதம் அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். லைசென்ஸையும் முடக்கலாம். யாருக்காவது பெரிய காயமானாலோ உயிர் போனாலோ கதையே வேறு.

ஒரு அறைதானே என்பவர்களுக்கு: கிரிக்கெட் ஆடிய சித்து 1988-ல் பாட்டியாலாவில் ரோட்டுச் சண்டையில் அடித்தார், அந்த 65 வயதுக்காரர் இறந்துபோனார். 2018-ல் சுப்ரீம் கோர்ட் வெறும் 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது. 2022-ல் மறுசீராய்வில் ஒரு வருடக் கடுங்காவல். நடந்து 34 வருடம் கழித்து உள்ளே போனார்.

எனக்குச் சிறை இல்லை. ஆனால் வளைகுடாவில் ஒரு ஷட்டவுன் வேலை (ஆலையை நிறுத்திவிட்டுச் செய்கிற பராமரிப்பு வேலை) வந்திருந்தது, அதற்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டும், கேஸ் இருக்கிறவனுக்கு எங்கே தருவார்கள்? டிரைவரோடு சமாதானம் பேசினோம், மிர்ரருக்கும் மருத்துவத்துக்கும் 8,500 கொடுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அடித்ததற்குச் சமாதானம் செல்லும், 281-க்கும் 296-க்கும் செல்லாது. ஹைகோர்ட்டில் ரத்து மனு போட வேண்டியதாயிற்று. வக்கீலுக்குக் கொடுத்த பணத்தைச் சொன்னால் என் மனைவி இதைப் படிப்பாள். அந்த வேலைக்கு வேறொரு பையன் போய்த் திரும்பியும் வந்துவிட்டான்.

"வடசென்னைக்காரன், அடிதடி ரத்தத்திலேயே இருக்கும்" என்று கீழே ஒருத்தர் எழுத வருவார், தெரியும். எங்கள் பக்கம் பாதிப் பேர் காலையில் ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். சினிமா பார்த்துவிட்டுப் பேசாதீர்கள். ஒரு பேங்கில் லோன் கேட்டுப் போனேன், சம்பள ஸ்லிப் எல்லாம் சரி, பின்கோடைப் பார்த்ததும் அந்தப் பையன் முகம் மாறியது, "இந்த ஏரியாவுக்குக் கொடுக்கிறதில்லை சார்" என்றான். அப்போது நான் யாரையும் அடித்திருக்கவில்லை. சரி, அது இங்கே எதற்கு.

அடித்ததை நியாயப்படுத்தவில்லை. அவன் செய்ததும் நியாயமில்லை. நானும் புகார் கொடுத்தேன், சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருவது) வாங்கினேன், அது இன்னும் பர்ஸில் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: அவர் போகிறாரோ இல்லையோ, ஒரு வக்கீலோடு நீங்களே முதலில் ஸ்டேஷனுக்குப் போய், அவர் உரசியதை இடம், நேரத்தோடு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பைக்கில் கீறல் இருந்தால் இப்போதே போட்டோ எடுங்கள், பாலிஷ் போட்டுவிடாதீர்கள். அவருக்குப் போன் செய்து "போய்ப் பாரு" என்றெல்லாம் பேசினால் மிரட்டல் பிரிவும் சேரும். அப்புறம், கேள்வியில் "இரண்டு அறை விட்டேன்" என்று உங்கள் சொந்தப் பெயரில், போட்டோவோடு எழுதி வைத்திருக்கிறீர்கள். இது என்ன ஸ்டேட்மெண்ட்டா? முதலில் அதை எடுங்கள்.