விழுந்தவரிடம் முதலில் யார் போவது? – கேள்வி பதில்

உபவாசக் கூட்டம் முடிந்ததும் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துச் சபைகளிலிருந்து வந்தவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. பெயர்களை எடுத்துவிட்டேன். நான் போதகர் அல்ல. ஓய்வுபெற்ற வாத்தியார், சபையில் மூப்பர்.

காவேரிப்பட்டணம்: ஐயா, எங்கள் பாடகர் குழு அண்ணன் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார். டாஸ்மாக் வாசலில் அவர் நின்றதைப் படம் எடுத்து யாரோ சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்கள் தம்பி. போட்டவரிடமும் தனியாகப் பேசுங்கள், அவர் செய்ததும் குற்றம்தான். நீயும் அவனும் தனித்திருக்கும்போது போய்ச் சொல் என்கிறது மத்தேயு 18:15. நம் பக்கத்தில் இது தலைகீழ். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் சம்பந்தப்பட்ட ஆளிடம் போகிறோம், அதுவும் நாலு பேர் சேர்ந்து.

போகும்போது வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டாம். பிள்ளைகள் முன்னால் பேச்சை எடுக்கவும் வேண்டாம். டீக்கடைக்குக் கூப்பிடுங்கள். "அண்ணா, கொஞ்ச நாளா உங்க முகமே சரியில்லையே, என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசட்டும். மறுத்தால் வாதாடாமல் எழுந்து வந்து, அடுத்த வாரம் திரும்பப் போங்கள்.

சாந்தமுள்ள ஆவியோடு சீர்ப்படுத்தச் சொல்கிறது கலாத்தியர் 6:1. அடுத்த வசனமே பாரத்தைச் சுமக்கச் சொல்கிறது. புத்தி சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவது சுமப்பதில் சேராது. அவர் மாங்கூழ் ஆலையில் வாரக் கூலிக்குப் போகிறவர் என்றால் கூலி கைக்கு வரும் சாயங்காலம்தான் கண்டம். அன்றைக்குக் கூடவே இருந்து, பணம் அண்ணி கைக்குப் போகும்வரை பாருங்கள்.

அப்புறம் ஒன்று. வருடக்கணக்கில் தினமும் குடித்தவரை "இன்றோடு விடு" என்று உபவாசத்தில் உட்கார வைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கேயும் ஜெபிக்கலாம்.

ஓசூர்: என்னோடு ஹாஸ்டலில் தங்கி சிப்காட்டில் வேலை செய்யும் தோழி, கல்யாணமான ஒருவரோடு பழகுகிறாள். எல்லோரும் ஜெபிக்கட்டும் என்று சபையில் ஜெபக் குறிப்பாகக் கொடுக்கலாமா?

கூடாதும்மா. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நடக்கும் வம்புக்கு அளவே இல்லை. நீயே பேசு. பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் தீர்க்கதரிசி நாத்தான் நேராகத்தான் போனார். ஒரு கதையைச் சொல்லி, தாவீது வாயாலேயே தீர்ப்பை வரவழைத்தார். அவள் சம்மதித்தால் போதகர் அம்மாவிடம் கூட்டிப் போ. இந்த விஷயத்தை ஆண்கள் யாரும் அவளோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டாம், நான் உட்பட.

கெலமங்கலம்: எத்தனை முறை சொன்னாலும் கேட்கவில்லை என்றால்?

இரண்டொருவரைக் கூட்டிப் போங்கள். அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்லுங்கள். அப்போதும் வழியில் பார்த்தால் பேசுங்கள். சபைக்கும் கேட்காதவனை ஆயக்காரனைப்போல், அதாவது ஊர் ஒதுக்கிவைத்த வரி வசூல்காரனைப்போல், எண்ணச் சொன்ன இயேசு ஆயக்காரரோடு பந்தியில் உட்கார்ந்தவர்.

அரூர்: குழந்தையிடம் ஒருவர் தவறாக நடந்திருக்கிறார். அழுது மன்னிப்புக் கேட்கிறார். சபைக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாமா?

முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம். முதலில் குழந்தையைப் பாருங்கள். சாந்தம் என்று நான் சொன்னது மூடி மறைப்பதை அல்ல. அவர் மனந்திரும்பியது உண்மை என்றால் ஸ்டேஷனிலும் உண்மையைச் சொல்லட்டும்.

பென்னாகரம்: திருந்தி வந்தவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

2 கொரிந்தியர் 2-ஐ எல்லோரும் படியுங்கள். தவறு செய்தவனுக்குக் கொடுத்த தண்டனை போதும், இனி அவனை மன்னித்துத் தேற்றுங்கள், இல்லையென்றால் துக்கத்தில் மூழ்கிவிடுவான் என்கிறார் பவுல். இந்த ஞாயிறு அவர் பக்கத்தில் நீங்களே போய் உட்காருங்கள்.

பாலக்கோடு: பொருளாளர் காணிக்கைப் பணத்தை மகள் ஃபீஸுக்கு எடுத்துவிட்டார். ஒப்புக்கொண்டார். பழைய பொறுப்பைத் திரும்பக் கொடுக்கலாமா?

ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள். இரண்டும் வேறு. இயேசுவைச் சந்தித்த ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். இவர் எடுத்ததை மாதத் தவணையாகக் கட்டட்டும், ரசீது போடுங்கள். ஃபீஸுக்குத் தவித்தபோது சபையில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத நிலை ஏன் வந்தது என்பதையும் கமிட்டியில் பேசுங்கள். உங்களைக்குறித்தும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது அதே கலாத்தியர் வசனம். அதனால் புதுப் பொருளாளரையும் தனியாக விடாதீர்கள். எண்ணும்போது இரண்டு பேர், நோட்டில் இரண்டு கையெழுத்து.